மடக்குக் கத்திக்கு எத்தனை கிலோ ரப்பர்?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குப் போகும் பஸ் வித்துராவில் நின்று, மலை ஏறுவதற்கு முன் மூச்சு வாங்கிக்கொள்கிறது. அங்கே இறங்கும் ஆண்களில் பலரது மடியில் ஒரு கத்தி இருக்கும். யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. மிளகுக்கொடியைக் கட்டிய கயிற்றை அறுக்க, பாக்கின் மட்டையைக் கீற, வாழைக்கன்றின் வேரைச் சீவ, உர மூட்டையின் தையலைப் பிரிக்க, கடைசியாக வெற்றிலையின் காம்பைக் கிள்ளவும் அதுதான். கத்தி என்றாலே ரவுடி என்று நினைப்பது சினிமா பார்த்த நகரத்தின் பழக்கம். மலையடிவாரத்தில் அது கைக்குட்டை மாதிரி.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு ரப்பர் வெட்டுத் தொழிலாளியின் வீட்டில் இப்போது ஐந்து மடக்குக் கத்திகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் விலை அவர் வீட்டு டி.வி.யின் விலையைவிட அதிகம். அவர் சேகரிப்பாளர் அல்ல. தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து போணக்காடு தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்க வந்தவர். பேரன் மலையிறங்கி வித்துராவில் ஒரு ஏக்கர் வாங்கி ரப்பர் வைத்தார். சொந்த மரங்கள் போதாமல் மற்றவர்கள் தோட்டத்திலும் மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசிப் பால் வெட்டுகிறார். மகள் வளைகுடாவில் நர்ஸ். கத்திகள் எல்லாம் அவள் உபயம்.

2017 நவம்பரில் நடந்த ஒரு சின்ன விபத்துதான் இதற்கெல்லாம் ஆரம்பம். திருவிழாக் கடையில் எண்பது ரூபாய்க்கு வாங்கிய மடக்குக் கத்தி. பளபளவென்று இருந்தது. வெயிலில் காய்ந்து இறுகியிருந்த ஒரு கமுகு மட்டையில் முனையைக் குத்தித் திருப்பியபோது அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் உட்கார்ந்தது. ஆறு தையல். நவம்பர், பால் நன்றாக இறங்கும் மாதம். ஒரு மாதம் வெட்டுக்குப் போக முடியவில்லை. ரப்பர் வெட்டுபவனுக்கு விரல்தான் முதலீடு. பட்டையைச் சீவும்போது மரத்தின் உயிர்ப்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தி நிற்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, மிஞ்சினால் மரம் புண்ணாகி முண்டும் முடிச்சுமாகிவிடும். அந்த மில்லிமீட்டரை விடியலுக்கு முந்தைய இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் அளப்பது விரல்தான். அதற்கென்று மிச்சி கோலெட்ஜ் என்ற பெயருடைய தனிக் கத்தி இருக்கிறது. அது மடங்காது, அதன்மேல் அவருக்குப் புகாரும் இல்லை. மடியில் செருகும் கத்திதான் காலை வாரியது.

அந்த டிசம்பரில் விடுமுறைக்கு வந்த மகள் சிவப்பாக ஒன்றை நீட்டினாள். சிலுவை பொறித்த சுவிட்சர்லாந்துக் கத்தி.

“இது மடங்கிக் கையை வெட்டாதாம்மா?”

“வெட்டும்ப்பா. ஆனா நல்ல கம்பெனி.”

அவள் சொன்ன இரண்டுமே உண்மை. விக்டோரினாக்ஸின் சின்னக் கத்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு கிடையாது. முதுகில் இருக்கும் வில்தான் அலகை அழுத்திப் பிடித்திருக்கிறது. பின்பக்கமாகப் பலமாக அழுத்தினால் மடங்கத்தான் செய்யும். பூட்டுள்ள மாடல் வேண்டுமென்றால் பெரும்பாலும் 111 மில்லிமீட்டர் நீளப் பெரிய வகைக்குப் போக வேண்டும். ஆனால் அந்த வில் எண்பது ரூபாய்க் கத்தியின் வில் அல்ல. திறக்கும்போதும் மூடும்போதும் ‘டக்’கென்று ஒரே மாதிரி சத்தம். இரண்டு வருடம் கழித்தும் அதே சத்தம்.

அந்தக் கம்பெனியின் கதை எந்தச் சிறு பட்டறைக்காரனுக்கும் தெம்பு தரும். கார்ல் எல்ஸனர் என்பவர் 1884இல் ஷ்விஸ் மாநிலத்தின் இபாக்கில் பட்டறை போட்டார். சுவிஸ் ராணுவம் தன் சிப்பாய்களுக்கான கத்தியை ஜெர்மனியில் செய்து வாங்குவதைப் பார்த்துப் பொறுக்காமல் 1891இல் தானே சப்ளை செய்தார். ஜெர்மன்காரர்கள் விலையைக் குறைத்தார்கள். எல்ஸனர் திவாலாகும் நிலைக்குப் போய், உறவினர்கள் கை கொடுத்துத்தான் பிழைத்தார். 1897இல் அதிகாரிகளுக்கான இலகுவான கத்தியைப் பதிவு செய்தார். ராணுவம் அதை அதிகாரபூர்வமாக எடுத்துக்கொள்ளவில்லை, அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கினார்கள். இன்று உலகம் அறிந்த சிவப்புக் கத்தி அதுதான். தாயின் பெயரான விக்டோரியாவும், துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ என்ற சொல்லும் சேர்ந்து 1921இல் கம்பெனிப் பெயரானது.

வித்துராவில் அதன் மதிப்பு வேறு இடத்தில் தெரிந்தது. வீட்டு வாசற்படிக் கல்லில் ஐந்து நிமிடம் தீட்டினால் பழைய கூர் வந்துவிடுகிறது. காரணம், அந்த எஃகு ரொம்பக் கடினமானதல்ல. அரை சதவீதம் கார்பன், பதினைந்து சதவீதம் குரோமியம். கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 56 பக்கம். சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் கூராகும், மழையில் துருப்பிடிக்காது. ஆண்டில் இரண்டு பருவமழையையும் வாங்கும் மலையடிவாரத்தில் கடைசி குணம் சின்ன விஷயமில்லை. கத்திப் பித்தர்கள் இந்த எஃகைக் கேலி செய்வதுண்டு. அவர்கள் வாழைக்கறை பட்ட கத்தியைக் கழுவாமல் மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் நனைந்ததில்லை.

அடுத்த விடுமுறையில் வந்தது பிரான்ஸின் ஓபினெல். மரப்பிடி, ஒரே அலகு, கழுத்தில் ஒரு வளையம், அவ்வளவுதான். ஸவாய் மலைப் பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890இல் விவசாயிகளுக்காகச் செய்த கத்தி. கழுத்து வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். 1955இல் சேர்த்த இந்தப் பூட்டைவிட எளிய பூட்டு கத்தி உலகில் இல்லை. ஸ்பிரிங் இல்லை, உடைவதற்கு எதுவுமே இல்லை. வளையத்தைத் திருப்ப மறக்காதவரை விரலுக்கு ஆபத்தும் இல்லை. அளவுக்கேற்ப எண்கள் உண்டு. எட்டாம் எண்ணின் எட்டரை சென்டிமீட்டர் அலகுதான் எங்கும் பிரபலம். சுவிஸ் கத்தியைவிட மெல்லிய அலகு, பழத்திலும் மட்டையிலும் வழுக்கிக்கொண்டு போகிறது. விலையோ மற்றவற்றோடு ஒப்பிட்டால் சொற்பம்.

ஆனால் ஸவாயில் இல்லாத ஒன்று வித்துராவில் உண்டு. ஜூன் மாதம். பீச் மரப்பிடி ஈரத்தில் ஊறிப் பருத்து அலகை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நகத்தால் இழுத்தால் நகம்தான் போகும். அவர் யோசித்துப் பார்த்துப் பிடியின் பின்நுனியைத் திண்ணையில் ஓங்கித் தட்டினார். அலகு தலை நீட்டியது. இதே வித்தையை ஸவாய்க்காரர்களும் கண்டுபிடித்து, அதற்குத் தங்கள் ஊர்ப் பெயரே வைத்திருக்கிறார்கள் என்று மகள் பிறகு சொன்னபோது அவருக்கு ஒரே சந்தோஷம்.

மடக்குக் கத்தி நமக்கு வெள்ளைக்காரன் கொண்டு வந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இறகுப் பேனாவின் முனையைச் சீவ ஐரோப்பியர்கள் வைத்திருந்ததால் அதற்குப் பேனாக்கத்தி என்று பெயர் வந்தது, சரிதான். ஆனால் ஓலையில் எழுதிய தமிழனிடம் மடக்கெழுத்தாணி இருந்தது. பிடியின் ஒரு பக்கம் எழுதும் ஊசி, மறுபக்கம் ஓலையை நறுக்கும் கத்தி, வேலை முடிந்ததும் இரண்டும் பிடிக்குள் மடங்கிவிடும். பழைய ஓலைகள் வைத்திருக்கும் வீடுகளில் இன்றும் அகப்படலாம். இரண்டு கருவி ஒரு பிடியில் என்ற யோசனைக்கு சுவிட்சர்லாந்து வரை போக வேண்டியதில்லை.

வடக்கே இதற்கு ராம்பூர் புகழ் பெற்றது. உத்தரப் பிரதேசத்தின் அந்த நவாப் ஊரில் பொத்தானை அழுத்தினால் விரியும் நீளக் கத்திகளைச் செய்யும் குடும்பங்கள் தெருத் தெருவாக இருந்தன. இந்தி சினிமா வில்லன்கள் கொடுத்த விளம்பரமே அவர்களுக்கு எமனானது. 1990களில் நாலரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுக்குத் தடை வந்தது, தொழில் படுத்தது. 2023இல் ஊர் முக்கில் இருபது அடி உயரத்துக்கு ஒரு ராம்பூரிக் கத்தியைச் சிலையாக நிறுத்தியிருக்கிறார்கள். செய்பவனுக்கு வேலை இல்லை, செய்த பொருளுக்குச் சிலை. பொத்தான் கத்திகளுக்கு டெல்லியிலும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. பொதுவாக, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைத்தான் ஆயுதமாகப் பார்க்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆனவற்றுக்கு விலக்கும் உண்டு. மூன்று அங்குல மடக்குக் கத்தி அந்தக் கணக்கில் வராது. ஆனால் விமான நிலையத்தில் கைப்பையில் இருந்தால் போயிற்று. மகள் ஒவ்வொரு தடவையும் பெட்டியில் வைத்துத்தான் கொண்டு வருகிறாள்.

நான்காவது கத்தி சீனாவிலிருந்து. சீனச் சரக்கு என்றதும் திருவிழாக் கடை நினைவுக்கு வந்து அவர் முகம் சுளித்தார். குவாங்டங் மாகாணத்தின் யாங்ஜியாங் நகரம் கத்திக்கென்றே பேர்போனது. உலகத்துக்கு மட்டமான நகல்களை அனுப்பியதும் அந்தச் சீனாதான், இன்று அமெரிக்கக் கம்பெனிகளின் தூக்கத்தைக் கெடுக்கும் சிவிவி, கைசர் போன்ற பெயர்களும் அந்த ஊரிலிருந்துதான். ஐம்பது டாலர் பக்கம் கொடுத்தால் பால் பேரிங்கில் சுழலும் அலகு, இடைவெளியில்லாத பூட்டு, டி2 என்ற கருவி எஃகு எல்லாம் கிடைக்கிறது. பத்து வருடத்துக்கு முன் இந்த நேர்த்திக்கு மூன்று மடங்கு கொடுக்க வேண்டியிருந்திருக்கும். கொடுத்த காசுக்குப் பொருள் என்று மட்டும் பார்த்தால் இந்த வகைக்குத்தான் முதல் பரிசு. குறை, டி2 முழுமையாகத் துரு எதிர்க்கும் எஃகு அல்ல. ஒரு வாரம் துடைக்காமல் விட்டதில் அலகில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. தேங்காயெண்ணெய் தடவி வைக்கிறார். பேரிங்கில் தோட்டத்து மண் புகுந்து நறநறவென்றதும் உண்டு. மேஜையில் உட்கார்ந்து விரித்து மடக்கி ரசிப்பவர்களுக்கு அந்தச் சிக்கல் வராது.

ஐந்தாவதுதான் டி.வி.யை மிஞ்சியது. அமெரிக்காவின் பெஞ்ச்மேட், பக்அவுட் என்ற மாடல். 2017இல் வந்தது. எடை வெறும் 52 கிராம், மடியில் இருப்பதே தெரியாது. விலை 180 டாலர் பக்கம், ரூபாயில் பதினையாயிரத்துக்கு மேல். மகள் விலையைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் செல்போனில் பார்த்துச் சொல்லிவிட்டான்.

அவர் உடனே ரப்பரில் கணக்குப் போட்டார். 2011இல் கிலோ 240 ரூபாய் தொட்ட நல்ல காலமென்றால் 60 கிலோ சொச்சம். 2016 தொடக்கத்தில் நூறுக்குக் கீழே இறங்கினபோது என்றால் 150 கிலோவுக்கு மேல். ஒரு ஷீட் சுமார் அரைக் கிலோ. அதாவது முந்நூறு ஷீட். பால் வெட்டி, சிரட்டையிலிருந்து வடித்து, அமிலம் ஊற்றி உறைய வைத்து, உருளையில் அழுத்தி, புகையில் உலர்த்திய முந்நூறு ஷீட் கையளவு ஒரு பொருளாகி மேஜையில் கிடந்தது. பிடியைத் தட்டிப் பார்த்தார். கண்ணாடி இழை கலந்த நைலான். எடை குறைவதும் உறுதியாக இருப்பதும் அதனால்தான். ஆனாலும் பார்வைக்குப் பிளாஸ்டிக்தானே!

காசு எங்கே போயிருக்கிறது? முதலில், பூட்டில். அலகின் அடியில் குறுக்கே ஒரு எஃகுத் தண்டு. அலகு திறந்ததும் அது முன்னால் வந்து அலகுக்கும் உடம்புக்கும் நடுவில் ஆப்பு மாதிரி உட்கார்ந்துகொள்ளும். எந்தப் பக்கமிருந்தும் விரலால் பின்னுக்கு இழுத்தால் விலகும். மூடும்போது எந்த விரலும் அலகின் பாதையில் வர வேண்டியதில்லை, இடது கைக்காரருக்கும் தொல்லையில்லை. 1998இல் அந்தக் கம்பெனி இதைக் கொண்டுவந்தது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் எல்லோரும் இதையே செய்ய ஆரம்பித்தார்கள் என்பதே சான்றிதழ். ஆறு தையல் போட்ட விரலோடு இந்தப் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் அவர் விலையைப் பற்றி முணுமுணுப்பதை நிறுத்தினார்.

இரண்டாவது, எஃகில். எஸ்30வி என்று பெயர். உருக்கிய எஃகைத் தூளாக்கி, மறுபடி அழுத்திக் கெட்டியாக்கிச் செய்வது. நாலு சதவீதம் வனேடியம். அது கார்பனோடு சேர்ந்து அலகு முழுக்க நுண்ணிய கடினத் துகள்களாகப் பரவியிருக்கும். கடைக்காரர்கள் ராக்வெல் எண்ணைக் காட்டி விலை சொல்வார்கள். அதில் ஏமாறக் கூடாது. இதன் எண் ஓபினெலைவிட ஒன்றோ இரண்டோதான் கூடுதல், சில சமயம் அதுவும் இல்லை. தேய்மானத்தைத் தடுப்பது அந்தத் துகள்கள். ஷெஃபீல்டில் கத்தித் தொழிலுக்கான ஆராய்ச்சி நிலையம் ஒன்று மணல் கலந்த காகிதத்தை எந்திரத்தால் அறுத்து அறுத்து இதை அளக்கிறது. வித்துராவில் எந்திரம் இல்லை, தேங்காய்நார்க் கயிறு இருந்தது. மண்ணும் தூசியும் உள்ளேறிய பழைய கயிற்றை ஒவ்வொரு கத்தியாலும் துண்டு போட்டார். சுவிஸ் கத்தி பாதிச் சுருளுக்கு முன்பே கடிக்க மறுத்தது. ஓபினெல் இன்னும் கொஞ்சம் போனது. டி2 சுருளை முடித்துத் திணறியது. அமெரிக்கக் கத்தி முடித்துவிட்டு வெற்றிலையை நறுக்கிக் காட்டியது.

வேடிக்கை மூன்று மாதம் கழித்து ஆரம்பித்தது. எந்தக் கத்தியும் ஒருநாள் மழுங்கும். வாசற்படிக் கல்லில் அரை மணி தீட்டினார். கல்தான் பளபளத்தது. நெடுமங்காட்டில் வாங்கிய சாணைக்கல்லிலும் அதே கதை. கடையில் கிடைக்கும் சாதாரணத் தீட்டுக்கல் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. வனேடியம் துகள் அதைவிடக் கடினம். சோற்றுப் பருக்கையால் அரிசியை அரைக்கிற கதைதான். வைரத்தூள் பதித்த தகடு வேண்டும், ஊரில் கிடையாது. அனுப்பினால் கம்பெனியே இலவசமாகத் தீட்டித் தரும், ஆனால் கம்பெனி இருப்பது ஆரிகன் மாநிலத்தில். தபால் செலவில் நாலு சுவிஸ் கத்தி வாங்கிவிடலாம்.

ஊர்க் கொல்லரிடம் கொண்டு போனார். கொல்லர் கத்தியை வெளிச்சத்தில் பிடித்து, நகத்தில் ஓட்டி, மரியாதையோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். லாரி ஸ்பிரிங் பட்டையை உலையில் காய்ச்சி அடித்து அரிவாளும் பிச்சாத்தியும் செய்கிறவர். அவர் கத்திக்கு ஏறும் பதம் கண்ணின் கணக்கு, நெருப்பின் நிறத்தைப் பார்த்துத் தண்ணீரில் முக்குவது. முந்நூறு நானூறு ரூபாய்க்கு அவர் தரும் பொருள் பத்து வருடம் உழைக்கும், துருப்பிடிக்கும், எந்தக் கல்லிலும் கூராகும். அவரால் செய்ய முடியாதது ஒன்றுதான்: விரலை வெட்டாத பூட்டு. அதற்கு வேண்டியது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பிடிக்கும் எந்திரம். மடங்காத கத்தியில் கொல்லரை எந்தக் கம்பெனியும் விலையில் வெல்ல முடியாது. மடங்கும் கத்தியில் கொல்லர் போட்டியிலேயே இல்லை.

பையன் செல்போனில் இன்னொன்றையும் காட்டினான். தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவின் ஐடஹோவில் குடியேறிய கிறிஸ் ரீவ் உருவாக்கிய செபென்சா. டைட்டானியம் பிடி, அந்தப் பிடியின் ஒரு பகுதியே வளைந்து பூட்டாகும் அமைப்பு, நானூறு டாலருக்கு மேல் விலை. செபென்சா என்றால் ஜூலு மொழியில் ‘வேலை’. வாங்குபவர்களில் பலர் கீறல் விழுமென்று வேலைக்கு எடுப்பதில்லை. இந்த விலையில் எஃகு இரண்டு மடங்கு நல்லதாகிவிடுவதில்லை. ஐம்பது டாலர் வரை கொடுக்கும் காசு அலகிலும் பூட்டிலும் தெரிகிறது. நூற்றைம்பதுக்கு மேல் மெருகிலும் பொருத்தத்தின் நேர்த்தியிலும் பெயரிலும் போகிறது. அதுவும் ஒரு மதிப்புதான், பட்டுப்புடவைக்கு உள்ளது போல. மழையில் கட்டிக்கொண்டு போக முடியாது.

ரப்பர் வெட்டுக்காரர் எதை மடியில் செருகுகிறார் என்று கேட்டால், நாளைப் பொறுத்தது. கமுகு, கயிறு, மூட்டை என்று கை பலமாக வேலை செய்யும் நாளில் பூட்டுள்ள அமெரிக்கக் கத்தி. சந்தைக்கும் கோயிலுக்கும் போகும்போது சுவிஸ். சமையலறையில் மாம்பழம் நறுக்க மனைவி ஓபினெலை எடுத்துக்கொண்டு விட்டார், திருப்பித் தரும் உத்தேசம் இல்லை. சீனக் கத்தியைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தாயிற்று, பூட்டைப் போடாமல் திருகக் கூடாது என்ற கண்டிப்போடு. திருவிழாக் கத்தி ஆறு தையலுக்குச் சாட்சியாகப் பரணில் கிடக்கிறது.

போன வாரம் மகள் போனில் கேட்டாளாம், இந்தத் தடவை என்ன கத்தி வேண்டும் என்று.

“கத்தி வேண்டாம்மா. அந்த வைரத் தகடு ஒண்ணு கொண்டு வா.”

“விலை பார்த்தேன்ப்பா. கொல்லர்கிட்ட எட்டுக் கத்தி வாங்கலாம்.”

“பரவாயில்லை. கொல்லருக்கும் ஒண்ணு சேர்த்து வாங்கிக்கோ.”